வாசற்படியில் ஒரு குழந்தை

அடையாற்றில் மரநிழல் விழும் தெரு ஒன்றில், ஒரு சிறு கூடத்தில், சனிக்கிழமை மாலைதோறும் நாங்கள் சிலர் குழந்தைகளுக்குக் கதை சொல்லிவந்தோம். வந்தவர்கள் மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகள். கட்டணம் கிடையாது; பெயர்ப் பதிவு கிடையாது; சமயமோ சாதியோ கேட்பதில்லை. கதை முடியும்வரை கூடத்தின் கதவைச் சாத்துவதும் இல்லை. 'அனைவரும் வருக' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஓர் அட்டை வாசலில் தொங்கியது. எங்களை நாங்களே நல்லவர்கள் என்று எண்ணிக்கொள்வதற்கு இவ்வளவும் போதுமானவையாக இருந்தன.

ஒரு மாலை, வீட்டு வேலை செய்யும் பெண்மணி ஒருவர், தாம் பணிபுரியும் வீட்டுச் சிறுவனைக் கைப்பிடித்து அழைத்துவந்தார். அவனுடைய செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முன்வரிசைப் பாயில் அவனை அமர்த்தினார். பிறகு வெளியே போய்விட்டார். கதை பாதி நடந்துகொண்டிருந்தபோது எங்களுள் ஒருவர் எதற்கோ வாசலுக்குச் சென்றார். அங்கே, கழற்றிவிட்ட செருப்புகளுக்கு நடுவே, படியில் அந்த அம்மாள் அமர்ந்திருந்தார். அவர் மடியில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி. அவருடைய சொந்த மகள். சிறுமியின் முகம் சன்னலை நோக்கியே இருந்தது. உள்ளே பிள்ளைகள் சிங்கத்தைப்போல் கர்ச்சித்தபோது அவளுடைய உதடுகளும் ஓசையின்றிக் குவிந்து விரிந்தன.

"ஏம்மா, பாப்பாவை உள்ளே கூட்டிட்டு வரலாமே?" என்று கேட்டோம்.

"இல்லீங்கம்மா, இது பெரிய வீட்டுப் புள்ளைங்களுக்குன்னு நெனச்சேன். இவ இங்கிருந்தே கேட்டுக்குவா" என்றார்.

அந்த மறுமொழியில் மனக்குறை ஏதும் இல்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதைப்போல் மிக இயல்பாகச் சொன்னார். அந்த இயல்புதான் எங்களைச் சுட்டது. அந்தச் சிறுமியை எவரும் தடுக்கவில்லை, கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் அவள் வெளியே இருந்தாள். தடுத்தவர் எவருமே இல்லாத ஒரு தடைக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? அன்று முதல் எங்களை விட்டு அகலாத இந்த வினாவை வாசகர்களோடு சேர்ந்து சற்றே எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

திறந்த கதவு போதுமா?

நம் ஊர்த் திருமணங்களில் ஒரு வழக்கம் உண்டு. அழைப்பிதழை அஞ்சலில் அனுப்பிவிட்டால் அழைத்ததாகக் கொள்ளமாட்டார்கள். நேரில் போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, வீட்டுப் பெரியவரின் கையில் கொடுத்து, 'குடும்பத்தோடு வந்துவிட வேண்டும்' என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். 'வந்தால் வரட்டும்' என்பதற்கும் 'நீங்கள் வராமல் எங்களுக்கு நிறைவில்லை' என்பதற்கும் இடையே உள்ள தொலைவை நம் மக்கள் நன்கு அறிவார்கள். முன்னது தடையின்மை; பின்னதே அழைப்பு.

எங்கள் வாசல் அட்டையை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தோம். அது ஆங்கிலத்தில் இருந்தது. ஆகவே படிக்கத் தெரிந்தவர்களை மட்டுமே அழைத்தது. நேரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணி. அந்த வேளையில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் இரண்டாவது வீட்டிலோ மூன்றாவது வீட்டிலோ பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் சொன்ன கதைகளில் பிறந்தநாள் கேக் இருந்தது. கோடை விடுமுறைக்கு மலைவாசத்தலம் செல்லும் மகிழுந்து இருந்தது. குழந்தைக்கென்று தனி அறை இருந்தது. கதை முடிந்ததும் 'உங்கள் அப்பா அம்மாவை வரையுங்கள்' என்போம். ஒவ்வொன்றும் சிறியது. எல்லாம் சேர்ந்தபோது ஒரே ஒரு குழந்தையின் உருவம் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் குழந்தைக்கு ஆங்கிலம் புரியும். அதனோடு வருவதற்கு ஓய்வாக ஒரு பெரியவர் வீட்டில் இருப்பார். அது அசையாமல் உட்காரும். நன்றாகக் காணும், நன்றாகக் கேட்கும். தாயும் தந்தையும் உடனிருப்பர். எல்லாருக்கும் என்று சொல்லிக்கொண்டு அந்த ஒரு குழந்தைக்காகவே நாங்கள் பாய் விரித்திருந்தோம்.

அடையாற்றை அடுத்த கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. அங்கே குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவும் இருக்கிறது. உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. பொதுப்பணம் நன்கு செலவிடப்பட்டதற்கு அது ஒரு சான்று. எனினும் மூன்று வயதுக் குழந்தை நூலகத்துக்குத் தானாக நடந்து வருவதில்லை. அதை அழைத்துவர ஒருவருக்குப் பகற்பொழுதில் ஓய்வு வேண்டும். ஒருநாள் கூலியை இழக்காத ஓய்வு வேண்டும். ஆகவே குழந்தைகளுக்கான எந்த இலவச நிகழ்ச்சிக்கும் மறைவான நுழைவுக் கட்டணம் ஒன்று இருக்கிறது. பெற்றோரின் ஓய்வு நேரமே அந்தக் கட்டணம். அதைச் செலுத்த இயலாத குடும்பங்களே நம்மிடையே மிகுதி.

தாய்மார் தங்கள் குழந்தைகளை ஆண்டவரிடம் கொண்டுவந்தபோது தடுத்தவர்கள் யார் என்பதை நாம் அறிவோம். அவர்கள் பகைவர் அல்லர், சீடர்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் நல்லெண்ணத்தோடு, ஆண்டவருக்குத் தொல்லை வரக்கூடாதே என்ற அக்கறையோடு தடுத்தவர்கள். அவர் சினங்கொண்டதாக நற்செய்தியாளர் மாற்கு எழுதுகிறார். ஒழுங்கின் பெயரால், நல்லவர்களின் கையால் நிகழும் விலக்கல்தான் கண்டறிவதற்குக் கடினமானது. வடக்கன்குளம் திருக்கோவிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவரை இடிக்க வேண்டும் என்று கேட்க முடிந்தது. ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிந்த சுவர். செருப்புகள் கிடக்கும் ஒரு வாசற்படியை எவர் சுவர் என்று காண்பார்?

அடையாறு அறிந்த பாடம்

இந்த வினா அடையாற்றுக்குப் புதியதன்று. 1894-ஆம் ஆண்டிலேயே பிரம்மஞான சபையின் முதல் தலைவரான கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட், 'பஞ்சமர்' என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக இங்கே ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிற பள்ளிகளின் திண்ணையைக்கூட அந்தப் பிள்ளைகள் மிதிக்க முடியாதிருந்த காலம் அது. 'பள்ளிகள் இருக்கின்றனவே, வேண்டுமானால் வந்து படிக்கட்டும்' என்று அவர் சொல்லியிருக்கலாம். அவர்களை மனத்தில் வைத்தே பள்ளியைக் கட்டினார். பெசன்ட் நகரில் அவர் பெயரால் இன்றும் விளங்கும் பள்ளி அதன் வழிவந்ததே.

இன்னொரு வரலாறு நம்மை இன்னும் நெருக்கமாகத் தொடுவது. 1939-ஆம் ஆண்டின் இறுதியில் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாற்றுக்கு வந்தார். அப்போது பிரம்மஞான சபைத் தலைவராயிருந்த ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைத்ததன்பேரில் வந்தவர், ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியபோது, பகை நாட்டவர் என்று மாரியோ சிறைவைக்கப்பட்டார். அம்மையாரின் 70-ஆவது பிறந்தநாளான ஆகஸ்ட் 31 அன்று, அதைக் குறித்தே மகன் விடுவிக்கப்பட்டார். சில மாதங்களுக்கென்று வந்தவர், போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது.

இன்று சென்னையில் மாண்டிசோரி என்ற பெயர் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் மழலையர் பள்ளியை நினைவூட்டுகிறது. ஆனால் அந்த முறை பிறந்த இடம் எது? மருத்துவராக இருந்த அம்மையார் 1900-ஆம் ஆண்டு வாக்கில் உரோமை நகரில், மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றில் பணியாற்றினார். கையால் தொட்டு உணரும் எழுத்துகள், அடுக்கிப் பார்க்கும் கட்டைகள் போன்றவை அந்தக் குழந்தைகளுக்காகவே உருவாயின. அவர்களுள் சிலர் ஏனைய பிள்ளைகள் எழுதும் தேர்வை எழுதித் தேறினார்கள். எல்லாரும் வியந்து நின்றபோது அம்மையார் மனத்தில் வேறொரு கேள்வி எழுந்தது: இக்குழந்தைகளே இவ்வளவு தூரம் வர முடிகிறதென்றால், நலமான குழந்தைகளை நம் பள்ளிகள் இவ்வளவு கீழே வைத்திருப்பது ஏன்?

பிறகு 1907-ஆம் ஆண்டு சனவரி 6 அன்று, மூன்று அரசர்கள் திருநாளில், உரோமையின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. தாயும் தந்தையும் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் தனித்துவிடப்பட்ட பிள்ளைகளுக்காக, அவர்கள் வாழ்ந்த கட்டடத்துக்குள்ளேயே அமைந்த இல்லம் அது. குழந்தையைத் தேடிப் பள்ளி வந்தது.

இதனை ஆழ்ந்து நோக்குவோம். உலகம் முழுவதும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்று மிக நல்லது என்று கருதப்படும் ஒரு கல்விமுறை, செல்வர் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து பிறக்கவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்களை மையத்தில் வைத்து எண்ணியபோது, அனைவருக்கும் பயன்படும் ஒன்று கிடைத்தது. விளிம்பில் நிற்பவருக்காகச் செய்யும் ஏற்பாடு, முழுமையான வீட்டுக்கு நாம் கட்டித்தரும் சாய்ப்பு அன்று. வீட்டின் கடைக்காலே அங்கிருந்துதான் தோண்டப்பட வேண்டும் என்பதை இந்த வரலாறு உணர்த்துகிறது.

வடை சுட்ட பாட்டி

படியில் அமர்ந்திருந்த சிறுமியை அடுத்த வாரம் உள்ளே அழைத்து அமர்த்தினோம். தாயையும் உள்ளே வந்து அமரச் சொன்னோம். முதல் இரண்டு வாரங்கள் சிறுமி வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் பாட்டி வடை சுட்ட கதையைச் சொன்னோம். தமிழ்நாட்டில் இந்தக் கதையைக் கேளாத குழந்தை ஏது? மரத்தடியில் பாட்டி வடை சுடுகிறாள், காக்கை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது, நரி வருகிறது, காக்கையைப் பாடச் சொல்கிறது, வடை கீழே விழுகிறது, நரி கவ்விக்கொண்டு ஓடுகிறது. வழக்கம்போல் பிள்ளைகள் சிரித்தார்கள். காக்கை ஏமாந்ததைப் பற்றி, நரியின் தந்திரத்தைப் பற்றி நாங்கள் கேள்வி கேட்டோம். எல்லாரும் போட்டியிட்டு விடை சொன்னார்கள்.

அப்போது அந்தச் சிறுமி கேட்டாள்: "அப்ப ஆயாவுக்கு வட காசு யாரு குடுப்பாங்க?"

கூடம் ஒரு கணம் அமைதியாயிற்று. அவளுடைய பாட்டி உண்மையாகவே தெருமுனையில் அடுப்பு மூட்டி வடையும் பஜ்ஜியும் விற்பவர் என்பது பின்னர்தான் தெரிந்தது. எத்தனையோ ஆண்டுகளாக இந்தக் கதையை நாம் கேட்டிருக்கிறோம், சொல்லியிருக்கிறோம். ஏமாற்றியவனைப் பற்றியும் ஏமாந்தவனைப் பற்றியும் நீதி உரைத்திருக்கிறோம். முதலில் பொருளை இழந்தவள் பாட்டி என்பது நம் நினைவுக்கு வந்ததே இல்லை. மரத்தடியில் தனியாக அடுப்பின் முன் அமர்ந்திருக்கும் அந்த மூதாட்டி நமக்குக் கதையைத் தொடங்கிவைக்கும் ஒரு பாத்திரம் மட்டுமே. அந்தச் சிறுமிக்கு அவள் உறவு.

அன்று எஞ்சிய நேரமெல்லாம் அந்தக் கேள்வியிலேயே சென்றது. 'நரிதான் காசு கொடுக்க வேண்டும்' என்றான் ஒருவன். 'காக்கா விறகு பொறுக்கிக் கொடுக்கலாம்' என்றாள் ஒருத்தி. 'பாட்டியே அதுக்கு ஒரு வடை கொடுத்திருப்பாங்க, கேட்டிருந்தா' என்றான், சிறுமியின் தாய் அழைத்துவந்த அதே சிறுவன். அவ்வளவு நல்ல கதை நேரம் அதற்கு முன் எங்களுக்கு வாய்த்ததில்லை. அவள் வெளியே இருந்தவரை எங்கள் கதை குறையுள்ளது என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு மறுப்புகள்

இவ்வாறு சொல்லும்போது எல்லாம் இனிதே முடிந்ததுபோல் தோன்றலாம். அப்படி முடியவில்லை. சில வாரங்களில் பெற்றோர் இருவர் எங்களிடம் தனியே பேசினார்கள். அவர்களும் நல்லவர்களே. 'தவறாக எண்ண வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்கென்று வேறொரு நாளில் தனியாக நடத்தலாமே? அவர்களுக்கும் கூச்சமில்லாமல் இருக்கும். இவர்களும் வேகமாகக் கற்பார்கள்' என்றனர். நாங்கள் இணங்கவில்லை. ஒரு குடும்பம் அதன்பின் வரவில்லை.

அந்த மறுப்பை எளிதாகத் தள்ளிவிடலாகாது. தம் குழந்தையின் நன்மையை நாடுவது பெற்றோரின் கடமை. பலதரப்பட்ட குழந்தைகள் ஒன்றாக அமரும்போது கதையின் நடை குறைவது உண்மை; சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது உண்மை. ஆனால் வேகம் என்பது யாருடைய அளவுகோல்? நான்கு வயதுக் குழந்தைக்கு எட்ட வேண்டிய ஊர் ஒன்றுமில்லை. அதற்குத் தேவை சொல்வளம், கேட்கும் பொறுமை, பிறரோடு விளையாடும் பழக்கம், பகிர்ந்துகொள்ளும் மனம். இவற்றுள் எதையும் தன்னைப் போன்றவர்களோடு மட்டும் இருந்து முழுமையாகக் கற்க இயலாது. மாண்டிசோரி அம்மையாரும் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்தே கற்பித்தார்.

'அவர்களுக்கென்று தனியாக' என்ற சொற்றொடரையும் நாம் உற்றுநோக்க வேண்டும். தனி நாள், தனிப் பாய், தனிக் குவளை என்ற வரிசையில் அது எங்கிருந்து வருகிறது என்பதைத் தமிழ்நாட்டில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு எங்கள் உள்ளத்திலேயே எழுந்தது, அதுவே நுட்பமானது. 'இந்த ஏழைக் குழந்தையோடு பழகுவதால் வசதியுள்ள பிள்ளைகள் இரக்கம் கற்றுக்கொள்வார்கள்' என்று நாங்கள் பெற்றோரிடம் வாதாடினோம். சொல்லி முடித்தபின் எங்களுக்கே கூச்சமாக இருந்தது. அப்படியானால் அந்தச் சிறுமி கதை கேட்க வரவில்லை. பிற பிள்ளைகளுக்குப் பாடப்பொருளாக வந்திருக்கிறாள். நேற்று அவளைப் படியில் உட்காரவைத்தோம். இன்று காட்சிப் பொருளாகக் கூடத்தில் உட்காரவைக்கிறோம். இரண்டிலும் அவள் தனக்காக அங்கே இல்லை.

இங்கேதான் இரக்கத்துக்கும் நீதிக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. இரக்கம் கொடுப்பவரின் உள்ளத்தைப் பார்க்கிறது. நீதி பெறவேண்டியவரின் உரிமையைப் பார்க்கிறது. அவள் கேட்ட கேள்வியால் மற்றவர்கள் பயனடைந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவள் ஒரு கேள்வியும் கேட்காமல், மூன்று ஆண்டுகள் வாய்மூடி அமர்ந்திருந்தாலும் அந்தப் பாயில் அவளுக்குள்ள இடம் குறையாது. எவருக்கும் பயன்படாவிட்டாலும் ஒரு குழந்தை குழந்தையே. மனித மாண்பு என்று நாம் சொல்லும்போது பொருள்கொள்வது இதனைத்தான்.

படியில் இன்னும் யார் யார்?

ஒரு குழந்தையைக் கண்டபின் பிறரையும் காணத் தொடங்கினோம். சில மாதங்களுக்கு முன் வந்துபோன நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். அவனால் ஓரிடத்தில் அமர இயலாது. சுவரைத் தடவியபடி கூடத்தைச் சுற்றிச்சுற்றி நடப்பான். திடீரென்று காதைப் பொத்திக்கொள்வான். 'சற்று நேரம் வெளியே வைத்திருங்களேன்' என்று அவன் தாயிடம் மென்மையாகச் சொன்னவர்கள் நாங்களே. அவர் மறுசொல் பேசாமல் எழுந்து போனார், பிறகு வரவில்லை. அவருடைய வீட்டைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டு அழைத்துவர எங்களுக்கு ஆறு வாரத் துணிவு தேவைப்பட்டது. இன்று அவன் நடந்துகொண்டேதான் கதை கேட்கிறான். கதையில் ஒரு வரி பிசகினாலும் சுவரோரத்திலிருந்து திருத்துகிறான். கைதட்டலின் பேரொலி அவனை வருத்துவதால் இப்போது எல்லாரும் கைகளை உயர்த்தி விரல்களை அசைக்கிறோம். காது கேளாத குழந்தைகளுக்கும் அதுவே தெரிந்த கைதட்டல் என்பதைப் பிறகு அறிந்தோம்.

இவ்வகையில் வழிகாட்டுவோர் நம் அருகிலேயே இருக்கின்றனர். கோட்டூர்புரத்தில் இயங்கும் வித்யாசாகர் நிறுவனத்தை 1985-ஆம் ஆண்டில் தொடங்கிய பூனம் நடராஜன், தாமே மாற்றுத்திறனுடைய ஒரு மகனுக்குத் தாயானவர். பிள்ளையோடு வெளியே நின்ற ஒரு தாய், பிறர் கதவைத் தட்டிக்கொண்டே இராமல் தாமே ஒரு வாசலைக் கட்டினார். அவ்வாறு கட்ட நேர்ந்தது அவருடைய பெருமை. கட்டவேண்டிய நிலைக்கு விட்டது நம் அனைவருக்கும் உரிய குறை.

இன்னொரு சிறுமி, அப்பா அம்மாவை வரையச் சொன்னபோது, இரண்டு இடத்திலும் பாட்டியையே வரைந்தாள். அவளை வளர்ப்பவர் பாட்டி ஒருவரே. தந்தை இறந்த வீடுகள் உண்டு. தாய் வெளிநாட்டில் வேலை பார்க்கும் வீடுகள் உண்டு. பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகள் உண்டு. தத்தெடுத்த வீடுகள் உண்டு. நமது பங்குகளில் இத்தகைய குடும்பங்கள் இல்லையென்று எவர் சொல்வார்? திருக்குடும்பத்தையே எடுத்துக்கொண்டாலும், அண்டை அயலார் கணக்கில் அது வழக்கமான குடும்பமாக இருந்திருக்காது. இப்போது நாங்கள் 'உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?' என்று மட்டும் கேட்கிறோம். ஒரு சொல் மாறியது. ஒரு குழந்தை தலைகுனிவதிலிருந்து தப்பியது.

கதைகளிலும் களையெடுக்க வேண்டியிருந்தது. வஞ்சகி என்றால் கூன் முதுகு, கெட்டவன் என்றால் ஒற்றைக்கண், அரக்கி என்றால் கறுப்பு, மாற்றாந்தாய் என்றால் கொடுமை என்று நம் வாய்க்கு வந்து பழகிவிட்டது. கேட்கும் குழந்தையின் தங்கை விந்தி நடப்பவளாக இருக்கலாம். அதை அன்போடு வளர்ப்பவர் மாற்றாந்தாயாகவே இருக்கலாம். பழங்கதைகளைத் தூக்கி எறிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கூடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறோம். நம் பாட்டிமார் அப்படித்தான் சொன்னார்கள். கேட்கும் பிள்ளையின் முகம் பார்த்துக் கதையை வளைத்தார்கள்.

ஒருநாள் ஊரூர் ஆல்காட் குப்பத்திலிருந்து ஒரு மூதாட்டியை அழைத்துக் கதை சொல்லச் செய்தோம். வாடைக் காற்றையும் கொண்டல் காற்றையும் உயிருள்ள உறவினர்போல் அவர் விவரித்தார். வலையில் அகப்பட்ட ஆமையை விடுவித்த தம் கணவரைப் பற்றிச் சொன்னார். எலியட்ஸ் கடற்கரைக்கு மாலைதோறும் காற்று வாங்கச் செல்லும் பிள்ளைகள், அந்தக் காற்றுக்குப் பெயர் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தார்கள். நாங்கள் கொடுப்பவர்கள், அவர்கள் பெறுபவர்கள் என்ற கணக்கு அன்று எங்களுக்குத் தலைகீழாயிற்று.

சட்டம் நிற்குமிடம்

இவையெல்லாம் நல்லோர் சிலரின் விருப்பத்தைப் பொறுத்தவையா, அரசின் கடமையா என்று கேட்கலாம். அரசு வாளாவிருக்கவில்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிற்று. தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. ஏழைத் தாய் வேலைக்குப் போகும்போது நம்பிக்கையோடு பிள்ளையை விட்டுச்செல்லும் இடம் பெரும்பாலும் அதுவே. அங்கே கதை சொல்லும் பணியாளர்களின் உழைப்பை நாம் போதிய அளவு மதிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கே கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைப் பேணுவதும் கற்பிப்பதும் அரசு முயல வேண்டிய நெறியாக மட்டுமே நிற்கிறது. உரிமையைக் கேட்டு வாதாட முடியாத வயதில், உரிமையும் முழுமையாக இல்லை.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை அண்டையிலுள்ள நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்றது. மழலையர் வகுப்பு உள்ள பள்ளிகளில் அங்கிருந்தே அது தொடங்கும். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 2014 மே மாதம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை எழுப்பி, 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ஒன்று அதனை மறுபரிசீலனைக்கு முன்வைத்தது.

சிறுபான்மையினருக்கு அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு தந்துள்ள பாதுகாப்பு விலைமதிப்பற்றது; அதனைக் காக்க வேண்டியது நம் கடமை. ஏழைகளுக்குக் கல்வி தந்ததில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குள்ள நெடிய பங்கையும் எவரும் மறுக்க இயலாது. எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. சட்டம் நம்மை வற்புறுத்தாத இடத்தில் நம் மனச்சான்று என்ன சொல்கிறது? வேலி நமக்குத் தரப்பட்டது நம் தோட்டத்தைக் காப்பதற்கு. அடுத்த வீட்டுக் குழந்தையைப் படியில் நிறுத்துவதற்கு அன்று. விதிவிலக்கு நமக்குத் தரும் விடுதலையை, சட்டம் கேட்பதைவிட மிகுதியாகக் கொடுப்பதற்குப் பயன்படுத்தும் பள்ளிகளும் பங்குகளும் எழுமாயின், அந்த உரிமைக்கு அதைவிடச் சிறந்த வாதம் வேறில்லை. நம் வழக்கறிஞர்களுக்கு முன்பாக நம் எல்.கே.ஜி. வகுப்புகள் நமக்காகப் பேசும்.

படியைப் பார்த்துத் தொடங்குவோம்

பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணித் திருத்தலத்தில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறும்போது கூடும் பெருங்கூட்டத்தை நாம் அறிவோம். காவி உடுத்து வெறுங்காலோடு நடந்து வருபவரிடம் எவரும் பெயர் கேட்பதில்லை. எந்தச் சமயம், எந்தத் தெரு என்று கேட்பதில்லை. வேண்டுதலோடு வருபவர்கள் தங்களை அன்னை எதிர்பார்த்திருப்பதாக நம்பியே வருகிறார்கள். எதிர்பார்க்கப்படுகிறோம் என்ற அந்த உணர்வை, அத்திருத்தலத்துக்குச் சிறு தொலைவிலேயே உள்ள எங்கள் கூடம் ஒரு நான்கு வயதுக் குழந்தைக்குத் தர இயலாமற்போனது.

எங்களால் இயன்ற சிலவற்றை மாற்றினோம். கதை நேரத்தை ஞாயிறு மாலைக்குத் தள்ளினோம். அட்டையைத் தமிழில் எழுதினோம். எழுதியதோடு நில்லாமல் நேரில் போய் அழைத்தோம். எல்லாம் கைகூடிவிட்டதாகச் சொல்லமாட்டோம். கண் தெரியாத குழந்தைக்கு ஏற்ற பொருள்கள் எங்களிடம் இன்னும் போதவில்லை. வேற்று மாநிலத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளரின் பிள்ளைகளோடு எந்த மொழியில் பேசுவது என்று இன்னும் தடுமாறுகிறோம்.

வடைக்குக் காசு கேட்ட சிறுமியும் இன்று எங்களோடு இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தை அடுத்த ஆண்டுகளில் அடையாற்றங்கரைக் குடியிருப்புகள் அகற்றப்பட்டபோது, அவள் குடும்பம் நகரின் தென்கோடியிலுள்ள பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய்விட்டது. அவள் தாய் சில காலம் விடியற்காலைப் பேருந்தில் ஏறி இங்கே வேலைக்கு வந்துகொண்டிருந்தார். பிறகு அதுவும் நின்றது. அவளுக்கு இடம் கொடுத்துவிட்டோம் என்று நாங்கள் நிறைவடைந்திருந்த வேளையில், அந்த இடத்தையே அவளிடமிருந்து தொலைவாக்கும் முடிவுகள் வேறெங்கோ எடுக்கப்பட்டன. கதைக்கூடத்தின் எல்லை அதன் நான்கு சுவர்களோடு முடிவதில்லை என்பது அவள் எங்களுக்கு விட்டுச்சென்ற கடைசிப் பாடம்.

ஆயினும் ஒரு வழக்கத்தை அவள் பொருட்டே மேற்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு வாரமும் கதை தொடங்குமுன் எங்களுள் ஒருவர் எழுந்து வாசலுக்குப் போய், செருப்புகளுக்கு நடுவே எவரேனும் அமர்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருகிறார். நம் இல்லங்களிலும் பங்குகளிலும் பள்ளிகளிலும் ஏதேனும் ஒன்றைத் தொடங்குமுன் நாம் ஒவ்வொருவரும் அப்படி ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்தால் என்ன?